எட்டு வயதும் முப்பத்திரண்டு வயதும்

புதுப் பருத்தித் துணியைக் கட்டோடு எடுத்து மேசையில் உருட்டி விரிக்கும்போது கிளம்புகிற கஞ்சி வாசம் இப்போது கடைகளில் அரிதாகிவிட்டது, எல்லாம் பொலித்தீன் உறைக்குள் மடித்து, விலைச்சீட்டு ஒட்டி, மணமே இல்லாமல் வந்து சேர்கின்றன. என்றாலும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் தெரு ஒன்றின் ஒடுங்கிய கடையில், தலையணை உறைக்கு வெள்ளைத் துணி கேட்டு நின்றபோது, கடைக்காரப் பெரியவர் கட்டை எற்றி விரித்த வேகத்தில் அந்த வாசம் முகத்துக்கு நேரே எழுந்தது. மின்விசிறியின் கிறீச்சொலியும், வாசலில் முச்சக்கரவண்டிக்காரர் யாரையோ கூப்பிடுகிற சத்தமும் அப்படியே இருக்க, நான் மட்டும் யாழ்ப்பாணத்து உடுவிலில், ஆச்சியின் முன் விறாந்தையில், பின்னேர வெயில் சீமெந்துத் தரையில் சரிந்து ஏறுகிற நேரத்தில், அவவின் மடியில் கிடக்கும் துணியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்த வீட்டில் எனக்குத் தரப்பட்ட வேலை அதுதான், நுனியை இழுக்கவும் கூடாது, தளரவிடவும் கூடாது.

ஆச்சி, அம்மாவின் தாய், மெசின் வைத்திருந்தா, ஆனால் விளிம்பு மடித்துத் தைப்பதென்றால் கையால்தான், நூலை ஊசியில் கோர்க்கமுன் மெழுகுதிரித் துண்டு ஒன்றில் ஒருமுறை வைத்து இழுப்பா, அந்த மெழுகின் மணமும், துணியின் கஞ்சி மணமும், வேலிக்கு அப்பால் செம்பாட்டுத் தோட்டத்துக்குள் தண்ணீர் பாயும்போது எழும் மண்மணமும் சேர்ந்ததுதான் எனக்கு அந்த வீடு. அயல் பெண்கள் தாங்கள் தைத்ததைக் கொண்டுவந்து காட்டினால் முகப்பைப் பார்க்கமாட்டா, கையில் வாங்கிய உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பா, பின்பக்கம் துப்பரவில்லாத தையல் அவவின் கணக்கில் தையலே இல்லை. கதிரையில் முதுகு சாயமாட்டா, அறுந்த நூலை எறியாமல் பிஸ்கட் தகரத்தில் சேர்ப்பா, தேவாலய மணி கேட்கும்போது கையிலிருக்கும் வேலை எதுவென்றாலும் அந்த இடத்தில் நிறுத்துவா. இந்தப் பழக்கமெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், “அம்மாவிட்ட இருந்து” என்பா, அம்மாவுக்கு எங்கேயிருந்து என்றால், ஊசி பிடித்த கையாலேயே சுவரைக் காட்டுவா, அங்கே ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வெட்டிச் சட்டமிட்ட படம் தொங்கும், முகம் எது, கடதாசியின் கறை எது என்று பிரிக்கமுடியாதபடி பழுத்துப்போன படம், கீழே பெயர் மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது, மிஸ் எலிசா அக்னியூ.

அவவின் தாய், எனக்குப் பூட்டி, 1870களில் உடுவில் விடுதியில் படித்தவ, அக்னியூ அம்மையார் கற்பித்த கடைசி வரிசைப் பிள்ளைகளில் ஒருத்தி. நான் பூட்டியைக் கண்டதில்லை, ஆனால் ஞாயிறு பாடசாலையில் அக்னியூ அம்மையாரின் கதையை எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது, அது எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும், நியூயோர்க் நகரத்தில் 1807 பெப்ரவரி 2ஆம் திகதி பிறந்த ஒரு பெண்பிள்ளை, எட்டு வயதில் பூமிசாத்திர வகுப்பில் இருக்கிறாள், வாத்தியார் படத்தில் இலங்கையைத் தொட்டுக் காட்டுகிறார், பிள்ளை அந்த இடத்திலேயே தான் பெரியவளானதும் மிஷனரியாக அங்கே போவதென்று முடிவெடுக்கிறாள், பிறகு போகிறாள். எட்டு வயதுக்கும் போனதற்கும் நடுவில் எங்கள் ஆசிரியை ஒரு மூச்சுக்கூட விடமாட்டா. எட்டு வயதில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, நினைத்தவுடன் போய்ச் சேருவதுதானே கதை என்றால்.

பின்னாளில் வருடங்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அந்த வகுப்பு நடந்திருக்கக்கூடிய ஆண்டு 1815 என்பது உறைத்தது, மார்ச் மாதம் கண்டி இராச்சியம் வெள்ளையனின் கைக்குப் போய் முழுத் தீவும் ஒரே கொடியின் கீழ் வந்த ஆண்டு, ஒக்டோபரில் மசாசூசெற்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ‘டிரையட்’ என்ற கப்பலில் டானியல் பூரும் இன்னும் சில இளம் குருமாரும் குடும்பங்களோடு புறப்பட்ட ஆண்டு, அவர்கள் 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும், ஒல்லாந்தர் காலத்து இடிந்த தேவாலயங்களையும் வளவுகளையும் திருத்திக் குடியேறினார்கள். அந்தப் பிள்ளைக்கு இதெதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை, அவள் விரலுக்குக் கீழே இருந்தது மாங்காய் வடிவத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

உடுவில் பள்ளிக்கூடம் அக்னியூ அம்மையார் தொடங்கியதல்ல. 1824இல் அதைத் தொடங்கியவர் கனெற்றிக்கட் மாநிலத்து நோர்விச் ஊரில் பிறந்த ஹரியற் வின்ஸ்லோ, தமிழ் அகராதிக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் மைரன் வின்ஸ்லோவின் மனைவி, 1833இலேயே இங்கே இறந்துபோனார். (அவருடைய மகள்வழிக் கொள்ளுப்பேரன்தான் ஜோன் பொஸ்டர் டல்லஸ், வாஷிங்டனில் எங்கள் சனம் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான், உடுவிலில் அடங்கியிருக்கும் ஒரு குடும்பக் கதை அங்கே பெயர்ப்பலகையாக நிற்கிறது என்று வரிசையில் நிற்கிற யாருக்கும் தெரியப்போவதில்லை.) பெண்பிள்ளைகளை மிஷன் வளவுக்குள் வரவைத்தது முதலில் எழுத்தல்ல, ஊசியும் துணியும், தையல் பழக்குகிறோம் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படி வந்த இரண்டு சிறுமிகள் ஒருநாள் பெருமழையில் வீட்டுக்குப் போகமுடியாமல் மாட்டிக்கொண்டு, மிஷன் வீட்டிலேயே சோறு தின்று இராத்தங்கிவிட்டார்கள் என்றும், விடுதி அப்படித்தான் தொடங்கியது என்றும் ஆச்சி சொல்லுவா, சொல்லும்போது மழையைவிடச் சோற்றில்தான் அழுத்தம் விழும், பிறத்தியார் வீட்டில், அதுவும் மாட்டிறைச்சி தின்னும் வெள்ளைக்காரர் வீட்டில், ஒரு கவளம் உண்டுவிட்டால் திரும்பிப் போக வீடு இருக்குமா என்ற காலம் அது.

ஆரம்ப வருடங்களில் உடுப்பு, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம், அதுக்கு மேல் படித்து முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் பள்ளிக்கூடமே சீதனமும் கொடுத்தது, யாழ்ப்பாணத்தை எவ்வளவு சீக்கிரம் படித்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அமெரிக்காவில் எங்கேயோ ஒரு புண்ணியவாட்டி வருடா வருடம் ஒரு பிள்ளைக்குப் பணம் அனுப்புவா, பதிலுக்குப் பிள்ளைக்குத் தன் பெயரையோ தனக்கு வேண்டியவர் பெயரையோ வைக்கச் சொல்லுவா, ஒருவரையொருவர் ஒருநாளும் காணாத இருவர் ஒரே பெயரோடு பூமியின் இரண்டு பக்கத்தில் கிழவிகளானார்கள். ஆண்பிள்ளைகள் பக்கத்திலும் இதேதான், கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று இலக்கியமும் கல்வியும் வளர்த்த பெயர்கள் எல்லாம் அப்படித் தலையில் ஒரு அமெரிக்கத் தொப்பியோடு வந்தவைதான்.

அக்னியூ அம்மையார் 1840 ஜனவரியில் வந்து சேர்ந்தார், முந்திய வருடம் பொஸ்டனில் ஏறிய பயணம், சூயஸ் வெட்ட இன்னும் காலம் கிடந்தது, ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். அதுவரை வந்த மிஷன் பெண்கள் எல்லாரும் யாரோ ஒரு குருவின் மனைவிமார், கலியாணம் ஆகாமல் இந்த மிஷனுக்கு வந்த முதற்பெண்களில் இவரும் ஒருவர், படலைக்குப் படலை பெண்கள் முதலில் கேட்டது புருஷன் எங்கே என்பதாகத்தான் இருந்திருக்கும், நான் அதைப் பந்தயம் கட்டிச் சொல்லுவேன். மிஷன் குருவான ஸ்போல்டிங் ஐயரும் அவர் மனைவியும் உடுவிலில் இருந்தார்கள், அவர்களோடு இவர் தங்கினார், தமிழ் படித்தார், வேதமும் கணக்கும் பூமிசாத்திரமும் தையலும் கற்பித்தார், பாடசாலை விடுமுறை வந்தால் ஊர்ஊராகப் போய்ப் படித்து முடித்துக் கலியாணம் செய்துபோன பிள்ளைகளின் வீடுகளைப் பார்த்துவந்தார், அவர்களின் பிள்ளைகளைத் திரும்பவும் தன் வகுப்பில் வாங்கிக்கொண்டார், பிறகு அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளையும். மூன்று தலைமுறை, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் என்பார்கள், ஆயிரம் பெண்மக்களின் தாய் என்ற பெயரும் அதனால் வந்ததுதான்.

வந்தவர்களில் பலர் இடையில் ஊருக்குப் போய்வந்தார்கள், டானியல் பூர்கூட 1848இல் அமெரிக்கா போய்த் திரும்பிவந்து, 1855இல் மானிப்பாயில் கொலராவில் இறந்தார். அக்னியூ போகவேயில்லை, 43 வருடத்தில் ஒரு தடவைகூட. அதே 1855இல் பொஸ்டன் தலைமையகத்திலிருந்து ரூபஸ் அண்டர்சன் என்ற செயலாளர் வந்து, இங்கே ஆங்கிலப் படிப்பு மிதமிஞ்சிப்போயிற்று, வேதத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று கண்டு, ஆண்பிள்ளைகள் படித்த வட்டுக்கோட்டைச் செமினறியை மூடவைத்தார், உடுவிலிலும் ஆங்கிலம் போய்ப் பிள்ளைத்தொகை சுருங்கிற்று, பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்து காசும் சுருங்கிற்று. அந்த இடத்திலே எத்தனையோ பேர் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். அக்னியூ இருந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்.

இவ்வளவும் ஆச்சி வீட்டுக் கதை. ஐயாவின் தாய், எங்களுக்கு அப்பாச்சி, இணுவிலில் இருந்தா, உடுவிலிலிருந்து நடந்துபோகிற தூரம்தான், ஆனால் படலையைத் திறந்தால் வேறு மணம், சாம்பிராணி, திருநீறு, வெயிலில் காயும் ஒடியல், கோடிப்புறத்தில் அடுக்கிய புகையிலை. அப்பாச்சி சுத்த சைவம், பேர்த்தியாருக்கும் பேரப்பிள்ளைக்கும் புட்டு அவிக்கும்போது ஆறுமுக நாவலர் எப்படிப் பாதிரிமாரை மடக்கினார் என்று கதை வரும், அக்னியூ என்ற பெயர் அவவுக்குத் தெரியாது, அவவுக்கு எல்லாரும் ‘மிஷன்காரி’தான், “சோத்துக்கும் சீலைக்கும் வேதத்தில சேர்ந்த சனம்” என்று அம்மாவின் குடும்பத்தை அம்மாவுக்குக் கேட்கத்தக்கதாகவே சொல்லுவா. அந்தப் பேச்சில் நஞ்சு இருந்த அளவுக்கு உண்மையும் இருந்தது என்பதை இப்போது மறுக்க எனக்கு விருப்பமில்லை, சீதனம் கொடுத்து ஆள் சேர்த்த பள்ளிக்கூடம்தானே, சிவனைக் கும்பிட்ட வீட்டை இருட்டென்று எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பியவர்கள்தானே. ஆனால் அப்பாச்சியும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவா, மிஷன்காரிகள் வந்திராவிட்டால் அவவின் பேத்திகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவேண்டும் என்று எந்தச் சைவப் பெரியவருக்கும் அவ்வளவு அவசரம் வந்திருக்காது, நாவலரே பாதிரியார் பீற்றர் பேர்சிவலிடம் இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் கைகொடுத்துவிட்டுத்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார், உடுவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் மருதனார்மடத்தில் இராமநாதன் பெண்களுக்கென்று கல்லூரி கட்டியது 1913இல். அக்னியூ வகுப்பறையை விட்டதும் நாவலர் கண்ணை மூடியதும் ஒரே 1879இல், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்களா என்று எனக்குச் சின்னவயதிலிருந்தே ஒரு ஆசை, பார்த்திருந்தால் நல்ல தமிழில் சண்டை பிடித்திருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு அக்னியூ மானிப்பாய்க்குப் போனார், வேர்மொண்டிலிருந்து வந்திருந்த மேரி, மார்கரெற் லீச் என்ற இரு சகோதரிகளோடு இருந்து, 1883 ஜூனில் அங்கேயே இறந்தார், 76 வயது. மானிப்பாய் என்றால் எனக்கு வேறு நினைவுதான், ஆச்சிக்குக் கண்புரை பார்க்கக் கூட்டிக்கொண்டு போன கிறீன் ஆஸ்பத்திரியின் நீண்ட விறாந்தை, அது இன்னொரு அமெரிக்கர், சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த மனிதரின் பெயரால் நிற்பது, பினைல் மணம், வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், அதைத் தாங்கமுடியாமல் ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு வாங்கிலிலும் முதுகு சாயாமல் இருந்தது. கண் மங்கின பிறகும் தையலின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பா, பிழையைச் சரியாகக் கண்டுபிடிப்பா.

1995 ஒக்டோபர் முடிவில் போரால் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் வெளியேறியபோது எங்கள் வீட்டுச் சனமும் போனது, திரும்பிவந்தபோது கூரை இருந்தது, படமும் பெட்டகமும் பூட்டி தைத்ததாகச் சொல்லி வைத்திருந்த மேசைவிரிப்பும் இல்லை. திரும்பிவந்து அந்த வீட்டில் நின்றது பெரியம்மாவின் மகள், எங்கள் எல்லாருக்கும் அக்கா, தாயைப் பார்த்துக்கொண்டு.

சில வருடங்களுக்கு முன் மகளின் வீட்டுக்கு நியூ ஜேர்சி போனபோது, ஒரு மாரிகாலப் பகலில் ரயிலேறி மன்ஹாட்டனின் தென்முனையில் போய் இறங்கினேன், அக்னியூ பிறந்த நகரம் அந்த முனையில்தான் நெருங்கிக் கிடந்தது, அவர் பிறந்த அதே ஆண்டில்தான் புல்ட்டனின் நீராவிப் படகு அந்த நகரத்திலிருந்து ஹட்சன் ஆற்றில் புறப்பட்டது. பார்க்க அதிகம் இல்லை, 1766இல் கட்டிய சென் போல்ஸ் தேவாலயமும் அதைச் சுற்றிக் கறுத்துத் தேய்ந்த கல்லறைக் கற்களும், மிச்சமெல்லாம் கண்ணாடி, அதில் என் முகமும் கம்பளித் தொப்பியும். 1835 டிசம்பரில் இந்த வட்டாரம் எரிந்தது, ஏறத்தாழ 700 கட்டடங்கள், தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்துபோகிற குளிர் என்பதால் அணைக்க முடியவில்லை. குளிரில் கைகளைக் கோட்டுக்குள் விட்டபடி நின்று, அப்போது அக்னியூவுக்கு 28 வயது என்று கணக்குப் பார்த்தபோதுதான், ஞாயிறு பாடசாலைக் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது, 28 வயதில் இவர் இன்னும் இங்கேதான் இருந்திருக்கிறார். ஏன் என்பது புத்தகங்களில் ஒரே வரியில் கிடக்கிறது, வீட்டில் இவரை நம்பியிருந்தவர்களைப் பார்க்கவேண்டியிருந்தது, 30 வயதளவில் அவர்கள் இறந்தபிறகே கை ஓய்ந்தது. எட்டு வயதில் எடுத்த முடிவை இருபது வருடத்துக்கு மேல் மடித்துவைத்துக்கொண்டு, கஞ்சி காய்ச்சி, படுக்கை மாற்றி, மருந்துக்கு நேரம் பார்த்து, இடையில் யார் கப்பலேறினார்கள் என்ற செய்தியை மட்டும் மிஷன் பத்திரிகையில் வாசித்துக்கொண்டு இருந்திருக்கக்கூடிய ஒரு பெண், அவரைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. படுத்த படுக்கையாக ஐயாவைப் பார்த்த வருடங்கள் எனக்கும் இருந்தன, மணிக்கூட்டைப் பார்த்து எரிச்சற்பட்ட இரவுகளும் இருந்தன. அங்கேயிருந்து அவரை நினைக்கும்போது, 43 வருடம் ஊருக்குப் போகாததுகூட எனக்குத் தியாகமாகப் படவில்லை, போய்ப் பார்க்க அங்கே யாரும் மிச்சமில்லை.

கடைக்காரர் துணியை வெட்டி மடித்துத் தந்தார், பணம் கொடுத்து வெளியே வந்தேன், வீட்டுக்கு வந்து மணந்து பார்த்தால் அந்த வாசம் பாதி போய்விட்டிருந்தது, இப்போதைய கஞ்சியே அப்படித்தான் போலும். அன்றிரவு அக்காவுக்குப் போன் எடுத்தேன், பெரியம்மா போய் இரண்டாவது வருடம், அக்கா தனியே, மகனைப்போல வளர்த்த மருமகன் ரொறொன்ரோவில். நியூயோர்க்கில் நின்று நினைத்ததை இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொன்னதில்லை, அவவுக்குச் சொன்னேன், எட்டு வயதுப் பிள்ளையின் கதையை நாங்கள் தப்பாகக் கேட்டுவிட்டோம், நடுவில் இத்தனை வருடம் தாய்தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா என்று.

அக்கா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “அதுதானே, ஆர் பார்க்கிறது பின்னை?” என்றா. பிறகு, கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்வதாக மருமகன் பத்திரம் அனுப்பியதும், அம்மாவை விட்டுவிட்டு எப்படி என்று அதை அலுமாரிக்குள் வைத்ததும் எனக்குத் தெரிந்த கதைதான், அதைத் திரும்ப ஒருமுறை சொன்னா, கோபமில்லாமல், மழைக்கு முந்திக் கூரை வேயவேண்டும் என்பதுபோல.

“தாய்தகப்பன் போகேக்க அவவுக்கு முப்பது முப்பத்திரண்டு, தம்பி,” என்றா அக்கா, “எனக்கு அறுபத்தொண்டு.”